மிலிட்டரின்னு சொல்லிட்டா போதுமாலே?

ஏலே, இங்கன வா. இந்தத் தார்சாவுல செத்த நேரம் உக்காரு. கையில இருக்க போனைக் கீழ வை. அமெரிக்காக்காரன் எவனோ பழைய பட்டாளத்துத் துப்பாக்கிய மலையோரம் தூக்கிட்டுப் போயி டொப்பு டொப்புன்னு சுடுதானாம். அதைப் பாத்துட்டு நீ சோறு தண்ணி இறங்காம அலையுதியாம். "நூறு டாலருக்கு ரைபிள் ஆச்சி"ன்னு சொன்னியாமே? அவ பாவம், டாலர்னதும் கழுத்துச் சங்கிலியத் தடவிப் பாத்துக்கிட்டா.

உன்னைக் குத்தஞ் சொல்லல. நம்ம இலஞ்சியிலயே மிலிட்டரின்னு ஒட்டிட்டா எதுக்கும் தனி மவுசுதான். கறிச்சோறு போடுத கடைக்கு மிலிட்டரி ஓட்டல்னு பேரு. லீவுல வார பட்டாளத்துக்காரன் பெட்டியில இருக்க ரம்முக்கு டாஸ்மாக் சரக்கை விட மரியாதை. அவன் கொண்டாந்த கம்பளி குத்தும், அரிக்கும். ஆனாலும் சாரல் அடிக்கையில அதைத்தான் போத்திக்கிட்டுத் தெருத்திண்ணையில உக்காருவாவ. நாலு பேரு பாக்கணும்லா? பச்சைப் பெயிண்டு ட்ரங்குப் பெட்டியில வெள்ளையா நம்பரும் பேரும் எழுதியிருக்கும். ரிட்டயர் ஆகி முப்பது வருசம் போனாலும் அதை அழிக்க மாட்டாவ. பேரன் கல்யாணத்துப் பட்டுவேட்டியும் அதுக்குள்ளதான் கிடக்கும். நமக்கு ட்ரங்குப் பெட்டின்னா அவனுக்கு ரைபிள். கோட்டி ஒண்ணுதான்.

நீ பாத்தது மோசின்-நகான். 1891-ல ரஷ்ய ஜார் பட்டாளத்துக்குன்னு வந்த சரக்கு. மோசின்னு ஒரு ரஷ்ய அதிகாரி, நகான்னு ஒரு பெல்ஜியக்காரர், ரெண்டு பேரு வேலையையும் சேத்துச் செஞ்சது. ஜார் போனாரு, லெனின் வந்தாரு, ஸ்டாலின் வந்தாரு. துப்பாக்கி மட்டும் அதேதான். ரெண்டு உலகப்போரையும் பாத்துட்டு. மூணு கோடியே எழுபது லட்சத்துக்குக் கிட்டச் செஞ்சு குவிச்சிருக்கான். அப்புறம் கலாஷ்னிகோவ் வந்துட்டு. பழசை என்ன செய்ய? கிரீசைக் கட்டியாப் பூசி, மரப்பெட்டிக்கு இருபதா அடுக்கிக் கிடங்குல போட்டுட்டான். 1991-ல சோவியத்து உடைஞ்சது. கத்தரிக்கா முத்தினா கடைத்தெருவுக்கு வந்துதானல ஆகணும்? கப்பல் ஏறி அமெரிக்காவுக்கு வந்துட்டு. நூறு டாலருக்கும் கீழ வித்தான். புது ரைபிள் ஒண்ணு வாங்குத துட்டுல இதுல நாலஞ்சு எண்ணம் வாங்கலாம். குண்டும் மலிவு, தகர டப்பா ஒண்ணுல 440 அடைச்சு மூடி, வெட்டித் தொறக்கச் சொல்லிக் குடுத்தான்.

விலை குறைவு, சாமான் கெட்டி. முழுக்க இரும்பும் மரமும், பிளாஸ்டிக் கிடையாது. சேத்துல போட்டு மிதிச்சாலும் எடுத்துச் சுடலாம். சாயங்காலம் ஆனா தகரத்தை நிறுத்தி வச்சுச் சுட்டுப் பாக்குதவனுக்கு வேற என்ன வேணும்? இதுவரைக்கும் அவன் சொல்லுதது நியாயம், ஒத்துக்கிடுதேன்.

இதுக்கு மேலதான் கூத்து. குழல் மேல வருசம் குத்தியிருக்கும், எந்தப் பட்டறைன்னு முத்திரை இருக்கும். துலாவா, இஷேவ்ஸ்கா? அந்த முத்திரையப் பூதக்கண்ணாடி வச்சுப் பாக்குதான். 1942-ன்னு இருந்துட்டா போச்சு. கட்டையில ஒரு கீறல் தெரிஞ்சா, "இது ஸ்டாலின்கிராட்டுல விழுந்தது"ங்கான். ஏலே, போருக்கப்புறம் ரஷ்யாக்காரன் அதையெல்லாம் பட்டறைக்குக் கொண்டு போயி, கழட்டி, தேச்சு, வார்னிஷ் அடிச்சுல்லா கிடங்குக்கு அனுப்பினான்? அந்தக் கீறல் கிடங்குல பெட்டி தூக்குனவன் கை வழுக்கி விழுந்ததா இருக்கப்படாதா? இதைச் சொன்னா அவனுக்குக் கோவம் வருது.

பொருத்தம் வேற பாக்குதான்டே. குழல்ல ஒரு நம்பர், போல்ட்டுல ஒரு நம்பர், அடித்தகட்டுல ஒண்ணு, கட்டையோட பின்தகட்டுல ஒண்ணு. நாலும் ஒண்ணா இருந்தா உத்தமம், விலை கூட. ஜோசியக்காரன் பத்துப் பொருத்தம் பாக்குத மாதிரி இவன் நாலு பொருத்தம். ரஷ்யப் பட்டறைக்காரன் லேசுப்பட்டவனா? கழட்டினதை மாத்தி மாட்டிட்டு, பழைய நம்பரை ஒரு கோடு போட்டு அடிச்சு, பக்கத்துலயே புது நம்பரைக் குத்திட்டான். பொருந்தாத ஜாதகத்தைத் திருத்தி எழுதிக் கல்யாணம் பண்ணி வச்ச கதை.

இன்னொரு கூட்டம் உண்டு. பழசுங்கதுக்காகவே வாங்குவான். வாங்கின மறுவாரமே கட்டையக் கழட்டி எறிஞ்சுட்டுக் கருப்புப் பிளாஸ்டிக் மாட்டுவான், குழலை அறுப்பான், மேல ஒரு தொலைநோக்கியத் திருகுவான். துப்பாக்கிய விட அதுக்குத்தான் துட்டு அதிகம். பழசு வேணாம்னா முதல்லயே புதுசு வாங்கியிருக்கலாம்லா, மூதி?

சுண்டைக்கா கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்பாவ. அந்தச் சுமைகூலிக் கணக்கைப் பாப்போம். முதல்ல அந்தக் கிரீசு. அம்பது வருசம் உறைஞ்சு மரத்துக்குள்ள ஊறிக் கிடக்கும். கொதிதண்ணி ஊத்தணும், மண்ணெண்ணெய் போட்டுத் துடைக்கணும். நாலு தடவை சுட்டுச் சூடேறினா மறுபடி மரத்துல இருந்து கசியும். வீட்டுக்காரி குளிக்குத தொட்டியில வச்சுக் கழுவி வாங்கிக் கட்டிக்கிட்டவன் அங்க எத்தனையோ பேரு. அடுத்தது அந்த மலிவுக் குண்டு. அதோட பத்த வைக்குத மருந்துல ஒரு உப்பு இருக்கு. சுட்டதும் குழலுக்குள்ள படியும், காத்துல இருக்க ஈரத்தை இழுக்கும், துரு ஏத்தும். எண்ணெய்க்கு உப்பு கரையாது, தண்ணிக்குத்தான் கரையும். அதனால சுட்ட அன்னைக்கே வெந்நி ஊத்திக் கழுவணும். இப்போ நம்ம ஊரை நினைச்சுப் பாரு. ஆனி ஆடியில ஊறுகாய் பூசணம் பிடிக்கும், துவைச்ச வேட்டி மூணு நாளைக்குக் காயாது. இங்க அந்த இரும்பு ஒரு ராத்திரி தாங்குமா?

நான் காலேஜ்ல என்.சி.சி.யில இருந்தவன். நம்ம பட்டாளத்து த்ரீ நாட் த்ரீ ரைபிளை நெஞ்சைத் தரையில பதிச்சுப் படுத்துச் சுட்டிருக்கேன். கட்டையத் தோளுல இறுக்கிப் பிடிக்கணும். கொஞ்சம் இடைவெளி விட்டியோ, கோவேறு கழுதை உதைச்ச மாதிரி ஒண்ணு விழும். மறுநாள் சட்டை மாட்ட முடியாது. கட்டையோட பின்னால பித்தளைத் தகட்டுல சின்னதா ஒரு கதவு இருக்கும். நெகத்தால நெம்பினா உள்ள ஒரு எண்ணெய்க் குப்பி, பித்தளைக் குண்டு கட்டின ஒரு கயிறு. குண்டை மேல வழியா குழலுக்குள்ள விட்டு, கயித்து முனையில ஃபிளானல் துணியச் சொருகி இழுக்கணும். துணி வெள்ளையா வார வரைக்கும் இழுக்கணும். சுட்டது அஞ்சு நிமிசம், இழுத்தது ஒரு மணி நேரம். அப்புறம் காலித் தோட்டாவ எண்ணுவாவ. ஒண்ணு குறைஞ்சாலும் அத்தனை பேரும் குனிஞ்சு புல்லுக்குள்ள தேடணும். இதையெல்லாம் உன் போன்ல எவன் காட்டுதான்?

சரி, நீ வாங்கணும்னே வச்சுக்க. இங்க முடியுமா? முடியாது. 1857 சிப்பாய்க் கலகத்துக்கு அப்புறம் வெள்ளைக்காரனுக்கு ஒரு பயம். 1878-ல ஆயுதச் சட்டம்னு ஒண்ணு போட்டான். இந்தியனுக்கு லைசென்சு, வெள்ளைக்காரனுக்கு விலக்கு. பட்டாளத்துல புழங்குத குண்டு ஊருக்குள்ள புழங்கப்படாதுன்னும் ஆக்கிட்டான். அவன் போயிட்டான், பழக்கம் போகல. 1959 சட்டத்துலயும் த்ரீ நாட் த்ரீ விலக்கப்பட்ட ரகந்தான். ஊர்க்காரனுக்குன்னு வங்காளத்து ஈசாப்பூர் ஃபேக்டரி செய்யுதது .315. அந்தக் குண்டோட பூர்வீகம் எங்கன்னு நினைக்க? ஆஸ்திரியா-ஹங்கேரி பட்டாளம்! நம்ம பட்டாளத்துக் குண்டு நமக்கு ஆகாது, அத்துவானத்துல இருக்க இன்னொருத்தன் பட்டாளத்துக் குண்டு ஆகும். இதுக்கு என்ன சொல்லுத?

இதுக்கு மேல ஒரு வேடிக்கை இருக்கு. 1962 சீனச் சண்டைக்கு அப்புறம் அதே ஈசாப்பூர்ல 2ஏ1-ன்னு ஒரு ரைபிள் செஞ்சாவ. த்ரீ நாட் த்ரீயோட தம்பி, 7.62 குண்டு போடுதது. நம்ம ஊர் போலீசு தோளுல அதைப் பாத்திருப்ப. பட்டாளம் கழிச்சதுக்கு அப்புறம் அதுவும் கப்பல் ஏறி அமெரிக்காவுக்குப் போச்சு. மலிவுச் சரக்குன்னு அங்க இருக்கவன் அள்ளிக்கிட்டான். வங்காளத்துல செஞ்ச துப்பாக்கிய டெக்சாஸ்ல ஒருத்தன் ஞாயித்துக்கிழமை தகரத்தைச் சுட வச்சிருக்கலாம். இங்க நீ வச்சிருந்தா கம்பி எண்ணணும். உத்தரப் பிரதேசப் போலீசு 2020 குடியரசு தினத்துல த்ரீ நாட் த்ரீக்கு அணிவகுப்பு வச்சே விடை குடுத்துட்டு. அதுல ஒண்ணு மலிவா சந்தைக்கு வரும்னு நீ காத்துக் கிடக்காத.

அங்கேயும் மலிவு எப்பவும் சிரிச்சுக்கிட்டே வரல. 1963 மார்ச்சுல ஒரு இளவட்டம் சிகாகோ கடைக்குத் தபால்ல சீட்டு அனுப்பி, இத்தாலிப் பட்டாளம் கழிச்ச கார்கானோ ரைபிள் ஒண்ணு வரவழைச்சான். தொலைநோக்கி மாட்டி 19 டாலர் 95 சென்ட், தபால் கூலி ஒன்றரை டாலர். பேரைக் கூட மாத்திக் குடுத்திருந்தான். நவம்பர் 22-ல டல்லாஸ்ல ஜனாதிபதி கென்னடி செத்தாரு. சுட்டது அந்த இளவட்டம் ஆஸ்வால்டு, சுட்ட துப்பாக்கி அதுதான்னு விசாரணைக் கமிஷன் சொல்லிட்டு. 1968-ல சட்டம் போட்டு, தபால்ல விக்குததையும் பட்டாளக் கழிவை இறக்குததையும் நிறுத்தினாவ. எண்பதுகள்ல இறக்குமதிய மட்டும் தளத்தினாவ. அப்புறந்தான் உன் மோசின் மழையாக் கொட்டுச்சு. இப்போ அதுவும் வத்திட்டு. நூறு டாலர் சாமானுக்குப் பல மடங்கு கேக்குதான். 2021-ல ரஷ்யக் குண்டு இறக்கப் புது அனுமதி கிடையாதுன்னும் அமெரிக்கா சொல்லிட்டு. நீ பாத்த படம் எந்த வருசத்துதுன்னு முதல்ல பாரு.

லைசென்சுன்னா என்னன்னு மேக்க மலையடிவாரத்துச் சம்சாரியப் போயி கேளு. பன்னி தோட்டத்தை உழுதுட்டுப் போகுதுன்னு பயிர்ப் பாதுகாப்புக்கு நாட்டுத் துப்பாக்கி வச்சிருப்பான். தேர்தல் வந்தா ஸ்டேஷன்ல ஒப்படைச்சு ரசீது வாங்கணும். ஓட்டு எண்ணி முடிஞ்சு ஆர்டர் வார வரைக்கும் பன்னிக்குக் கொண்டாட்டம். 2019 திருத்தத்துக்கு அப்புறம் ஒரு ஆளு ரெண்டு துப்பாக்கிக்கு மேல வச்சிக்கிடவும் முடியாது. நம்ம இலஞ்சிக் குமாரர் கை வேலுக்குத்தான் லைசென்சும் இல்ல, ஸ்டேஷனும் இல்ல.

குறி பாக்கணும்னு நெசமாவே ஆசையா? அப்போ ஏர் ரைபிள் எடு. குழல் .177, குண்டோட ஆற்றல் 20 ஜூலுக்குள்ள இருந்தா லைசென்சு வேண்டாம். கிரீசு இல்ல, உப்பு இல்ல, தோள் வீங்காது. "இது விளையாட்டுச் சாமான்லா தாத்தா"ன்னு உதட்டைப் பிதுக்காத. அதை வச்சுத்தான் 2008-ல பெய்ஜிங்குல அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கினாரு. நம்ம கடலூர்ல பிறந்த பிள்ளை இளவேனில் வாலறிவன் 2019-ல உலகக் கோப்பையில தங்கம் அடிச்சதும் அதுலதான். பத்து மீட்டர் தள்ளி நிக்கணும். நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர். ஸ்டாலின்கிராட்டுக் கீறல் உள்ள கட்டையால அந்தப் புள்ளியத் தொட முடியுமாலே?

இப்போ சீசன் நடக்குது. குத்தாலத்துல பலூன் சுடுத கடை போட்டிருப்பான். அந்தத் துப்பாக்கியோட குழல் ஒரு பக்கம் கோணலா இருக்கும். கடைக்காரனுக்குத் தெரியும், உனக்குத் தெரியாது. பத்து குண்டு சுடு. பத்துல ஆறு பலூன் வெடிச்சா வந்து சொல்லு, அப்புறம் லைசென்சு பத்திப் பேசுவோம்.