தலையாய கேள்விகள்

சைக்கிள் ஓட்டும் பிள்ளைகள் எப்போதும் ஹெல்மெட் போட்டே ஆக வேண்டுமா?

ஓட்டும்போது எப்போதும். இறங்கியதும் கழற்றிவிட வேண்டும்! அதே ஹெல்மெட்டோடு மரம் ஏறினாலோ, பூங்காவில் கம்பிகளுக்கு இடையே நுழைந்தாலோ, தலை மாட்டிக்கொண்டு தாடைப்பட்டை கழுத்தை இறுக்கிவிடும். இதற்காகவே ஐரோப்பாவில் சிறுபிள்ளைகளின் ஹெல்மெட்டுக்கு ஈ.என். 1080 என்று தனித் தரம் இருக்கிறது. பலமாக இழுபட்டால் பட்டை தானே கழன்றுகொள்ளும்.

நாங்கள் குரங்குப் பெடல் அடித்த காலத்தில் ஹெல்மெட் ஏது? நன்றாகத்தானே இருக்கிறோம்?

நன்றாக இல்லாதவர்கள் கேள்வி அனுப்ப முடியாதே. அதுபோக, அன்று உங்கள் தெருவில் எத்தனை தண்ணீர் லாரி ஓடியது?

நெதர்லாந்தில் பெரும்பாலோர் போடுவதில்லையாமே?

உண்மை. 1970-களில் அங்கே சாலை விபத்துகளில் பிள்ளைகள் பலியாவதைப் பொறுக்காமல், ‘குழந்தைக் கொலையை நிறுத்து’ என்று மக்கள் வீதியில் இறங்கினார்கள். காருக்குச் சாலையை விட்டுக்கொடுக்க மறுத்தார்கள். பின்னாளில் ஊரெங்கும் சைக்கிளுக்குத் தனிப்பாதை வந்தது. அந்தப் பாதையை முதலில் இங்கே போடுங்கள். ஹெல்மெட்டைக் கழற்றுவது பற்றி அப்புறம் பேசுவோம்.

சட்டம் என்ன சொல்கிறது?

பைக்கில் போனால் நான்கு வயதைத் தாண்டிய பிள்ளைக்கும் ஹெல்மெட் கட்டாயம். மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 129. சைக்கிளுக்கு அந்தப் பிரிவு பொருந்தாது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 1990-லேயே சைக்கிளுக்கும் சட்டம் போட்டுவிட்டது. தமிழக அரசு பிளஸ் ஒன் மாணவர்களுக்கு விலையில்லா சைக்கிள் கொடுக்கிறது, அருமையான திட்டம். ஹாண்டில்பாரில் ஒரு ஹெல்மெட்டையும் மாட்டிக் கொடுக்கலாமே?