முன்விரோதம் என்று எழுதுக

தமிழ்நாட்டில் சாதிவெறி என்று ஒன்று கிடையாது. நம்பாதவர்கள் நாளிதழின் மாவட்டச் செய்திகளைப் புரட்டிப் பாருங்கள். முன்விரோதம் இருக்கும். வாய்த்தகராறு, குடிபோதை, காதல் விவகாரம், பஸ்ஸில் இடம் பிடித்த சண்டை எல்லாம் இருக்கும். திருவிழா ஆட்டத்தில் தோள் இடித்ததால் வந்த தள்ளுமுள்ளுகூட இருக்கும். வெட்டியவர் ஒரு தெரு, வெட்டுப்பட்டவர் இன்னொரு தெரு. இரண்டு தெருவுக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்பதைச் செய்தியும் சொல்லாது, முதல் தகவல் அறிக்கையும் சொல்லாது. "இரு தரப்பினரிடையே மோதல்" என்று ஒரு வரி. அரிவாளைப் பிடித்தவன் ஒரு தரப்பு, அதைக் கழுத்தில் வாங்கியவன் ஒரு தரப்பு. கோயிலிலும் சுடுகாட்டிலும் கிடைக்காத சமத்துவம் போலீஸ் செய்திக்குறிப்பில் கிடைத்துவிடுகிறது.

இது பழைய கைப்பழக்கம். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் பட்டியல் சாதிக் கூலிக் குடும்பத்தினர் 44 பேர் எரிந்தார்கள். அதற்கும் கூலித் தகராறு என்றுதான் பெயர் இருந்தது. 1973இல் குற்றம் சாட்டப்பட்ட நிலக்கிழார்களை விடுவித்த உயர் நீதிமன்றம், வசதி படைத்த மிராசுதார்கள் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்பதை நம்பச் சிரமப்பட்டது. கார் வைத்திருப்பவர் குடிசை கொளுத்த மாட்டார் என்பது அன்றைக்கு நமக்குத் தெரியவந்த சமூகவியல் உண்மை.

ஒருவன் என்ன செய்தான் என்பதற்காக அல்லாமல், எங்கே பிறந்தான் என்பதற்காக அவனை அடிப்பது வெறுப்புக் குற்றம். அடி ஒருவன் முதுகில் விழும். செய்தி தெரு முழுவதற்கும் போகும். இந்தப் பெயரில் இந்தியாவில் கணக்கு இல்லை. கும்பல் கொலை, வெறுப்புக் குற்றம் பற்றியெல்லாம் தேசிய குற்ற ஆவணக் காப்பகம் 2017இல் தகவல் திரட்டத்தான் செய்தது. திரண்ட தகவல் நம்பும்படி இல்லை என்று நிறுத்திவிட்டதாக 2021 டிசம்பரில் ஒன்றிய அரசு நாடாளுமன்றத்தில் சொன்னது. கணக்கு சரியில்லை என்றால் சரியாக எடுப்பது ஒரு வழி. எடுக்காமலே விடுவது செலவில்லாத வழி. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா, ஐந்து பேரோ அதற்கு மேலோ கும்பலாகச் சேர்ந்து இனம், சாதி அல்லது சமூகம், பாலினம், பிறந்த இடம், மொழி, தனிப்பட்ட நம்பிக்கை என்று காரணம் வைத்துக் கொல்வதைத் தனிக் குற்றமாக்கியது. அந்தப் பட்டியலில் மதத்தை மட்டும் காணோம். "இதுபோன்ற பிற காரணம்" என்ற வாலுக்குள் எங்காவது சுருண்டு படுத்திருக்கும், தேடிப் பார்க்க வேண்டும்.

நமக்குக் கையில் இருப்பது 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். ஸ்டேஷனில் இதற்கு "பி.சி.ஆர். கேஸ்" என்று பெயர். அது 1955ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், வேறொரு சட்டம் என்பதைச் சொல்லித் திருத்த இதுவரை யாருக்கும் நேரம் வாய்க்கவில்லை. சட்டத்தைப் படித்தால் மெய்சிலிர்க்கும். வாய்மொழியாகச் சொன்னாலும் எழுதிக்கொள்ள வேண்டும். எழுதியதைப் படித்துக்காட்டிவிட்டுத்தான் கையெழுத்து வாங்க வேண்டும். நகலை உடனே தர வேண்டும். 18ஆம் பிரிவின்படி முன்ஜாமீன் கிடையாது. 18ஏ பிரிவின்படி எஃப்.ஐ.ஆர். போடுவதற்கு முன் எந்த விசாரணையும் தேவையில்லை. டி.எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரி விசாரித்து, 60 நாளில் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ய வேண்டும். சாட்சிக்குப் பாதுகாப்பு, போக்குவரத்துச் செலவு எல்லாம் 15ஏ பிரிவில் இருக்கிறது.

இதையெல்லாம் படித்துவிட்டு ஸ்டேஷனுக்குப் போகிறவர், ரைட்டர் மேஜைக்கு முன்னால் நிற்கிறார். உட்காரச் சொல்வார்கள் என்று சட்டத்தில் எங்கும் இல்லை.

"ஏம்ப்பா, நாளைக்கும் அதே ஊர்லதானே பொழைக்கணும்?"

இதுதான் முதல் கேள்வி. அக்கறையில்தான் கேட்கிறார். அடுத்து, "அந்த வார்த்தையெல்லாம் எதுக்கு எழுதிருக்க? தகாத வார்த்தையால் திட்டினார்னு போட்டா போதாதா?" என்பார். இங்கேதான் வழக்கு சாகிறது. சாதிப் பெயரைச் சொல்லித் திட்டியதுதான் குற்றம். அதை "தகாத வார்த்தை" என்று நாகரிகப்படுத்திவிட்டால், பிறகு தெருக்குழாயில் குடம் முந்தியது யார் என்ற சண்டைக்கும் இதற்கும் வித்தியாசம் கிடையாது. நாகரிகம் நம் ஸ்டேஷன்களில் இந்த ஓர் இடத்தில் மட்டும் பொங்கி வழியும். அதே வாய் லாக்கப்பில் பேசுவதை யாரும் "தகாத வார்த்தை" என்று பதிவு செய்வதில்லை.

பிறகு ஊர்ப் பெரியவர்கள் வருவார்கள். டீ வரும். பேசி முடித்துக்கொள்ளலாம் என்பார்கள். முடியாது என்றால், சாயங்காலத்துக்குள் எதிர்த்தரப்பிலிருந்து ஒரு புகார் வந்து சேரும்: அடிபட்டவர் சங்கிலியைப் பறித்தார், அல்லது வீட்டுப் பெண்களைக் கேலி செய்தார். உங்கள் புகாருக்கு மனு வந்தது என்று மட்டும் சொல்லும் சி.எஸ்.ஆர். ரசீது, அவர்கள் புகாருக்கு எஃப்.ஐ.ஆர். அதன் பிறகு சமரசத்தில் எவ்வளவு நியாயம் இருக்கிறது என்பது உங்களுக்கே விளங்க ஆரம்பித்துவிடும்.

இவ்வளவையும் தாண்டி வழக்குப் பதிந்தால் நீதிமன்றம் கேட்கும்: திட்டியது எங்கே? பொதுப் பார்வை படும் இடத்தில் திட்டினால்தான் சாதி வசைக்கான பிரிவு பொருந்தும். 2020இல் ஒரு வழக்கில், வீட்டின் நான்கு சுவருக்குள் நடந்த வசை இதில் வராது என்றது உச்ச நீதிமன்றம். 2025 ஜனவரி கடைசியில் திருச்சி மாவட்ட வழக்கு ஒன்று. அரசு ஊழியர் ஒருவரை அவர் அலுவலகத்துக்கே வந்து சாதி சொல்லித் திட்டியதாகப் புகார். அறைக்குள் நடந்தது, பொதுமக்கள் யாரும் அங்கில்லை என்று அந்த வழக்கும் ரத்தானது. சட்டத்தின் வாசகம் அப்படித்தான் இருக்கிறது, நீதிபதிகளைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆகவே பட்டியல் சாதி மக்களுக்கு ஒரு யோசனை: யாராவது உங்களை இழிவுபடுத்தப் போகிறார் என்று தெரிந்தால், சற்றுப் பொறுக்கச் சொல்லிவிட்டு, அவரைக் கைப்பிடித்து பஸ் ஸ்டாண்டுக்கு அழைத்துப் போங்கள். சாட்சிக்கு நாலு பேரைக் கூப்பிட்டு வையுங்கள். பிறகு திட்டச் சொல்லுங்கள்.

வேங்கைவயலுக்கு வருவோம். புதுக்கோட்டை மாவட்டம், 2022 டிசம்பர் 26. பட்டியல் சாதிக் குடியிருப்பில் குழந்தைகளுக்கு உடம்பு சரியில்லாமல் போக, மேல்நிலைத் தொட்டியில் ஏறிப் பார்த்தவர்கள் குடிநீரில் மனித மலம் கிடப்பதைக் கண்டார்கள். ஆட்சியரும் எஸ்.பி.யும் போனார்கள். போன இடத்தில், பக்கத்து இறையூர் டீக்கடையில் இரட்டைக் குவளை, அய்யனார் கோயிலுக்குள் பட்டியல் சாதி மக்களுக்கு அனுமதி இல்லை என்பவையும் சேர்ந்து வெளியே வந்தன. ஆட்சியரே மக்களைக் கோயிலுக்குள் அழைத்துப் போனார். நல்லது. ஆனால் அதற்கு முன்னால் அந்த ஊருக்கு அரசாங்கமே போனதில்லையா? ரோந்து போலீஸ், கிராம நிர்வாக அலுவலர், மின்வாரியத்துக்காரர், ஓட்டு கேட்டவர்கள் ஒருவரும் அந்தக் கடையில் டீ குடிக்கவில்லையா? குடித்திருப்பார்கள். குவளை இரண்டு வகை என்பது டீயின் ருசியைக் கெடுக்காது.

வழக்கு 2023 ஜனவரியில் சி.பி.சி.ஐ.டி.க்குப் போனது. மரபணுச் சோதனை நடந்தது. ஒருநபர் ஆணையமும் வந்தது. இரண்டு வருடம் கழித்து, 2025 ஜனவரியில் குற்றப்பத்திரிகை தாக்கலானது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் மூன்று பேர். மூவரும் அந்த ஊர்ப் பட்டியல் சாதியினர். உண்மை எது என்பதை நீதிமன்றம் சொல்லட்டும், அதை நான் முந்திக்கொண்டு சொல்லப்போவதில்லை. ஆனால் குற்றம் சாட்டப்பட்டவர்களும் பட்டியல் சாதியினர் என்றாகிவிட்டால் வன்கொடுமைச் சட்டம் தானாகக் கழன்று விழுந்துவிடும். மிஞ்சுவது தண்ணீரை அசுத்தம் செய்த வழக்கு. நாடே காறித் துப்பிய ஒரு கொடுமையில் சாதி கடைசியில் எங்கேயும் மிஞ்சாத வண்ணம் ஒரு கோப்பு முடிந்திருக்கிறது. புகார் கொடுக்க யோசிக்கும் அடுத்த ஊர்க்காரருக்கு இதைவிடத் தெளிவான அறிவிப்புப் பலகை வேண்டுமா?

சட்டம் தவறாகப் பயன்படுத்தப்படுகிறது என்று அழுகிறவர்கள் தனி ரகம். 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றமே அந்தக் கவலையில் முன்விசாரணையும் கைதுக்கு அனுமதியும் வேண்டும் என்றது. ஏப்ரல் 2 அன்று நாடெங்கும் மறியல் நடந்தது. சுடப்பட்டும் அடிபட்டும் செத்தார்கள். பிறகுதான் நாடாளுமன்றம் 18ஏ பிரிவைச் சேர்த்தது. சாதி சொல்லித் திட்டியதற்கு விதிகள் சொன்ன நிவாரணம் ஒரு லட்சம் ரூபாய், அதில் கால்பங்குதான் எஃப்.ஐ.ஆர். போட்டதும் வரும். அந்த 25,000க்காக ஒரு குடும்பம் ஊர்க் கடையில் சாமான் மறுக்கப்பட்டு, வயல்வேலை நிறுத்தப்பட்டு, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பப் பயந்து, வருடக்கணக்கில் கோர்ட்டுக்கு அலையும் என்று நம்புகிற கற்பனை வளத்தைச் சினிமாவுக்காவது கொடுத்திருக்கலாம்.

சரி, புகார் கொடுப்பது எப்படி? அவன் சொன்ன வார்த்தையை அவன் சொன்னபடியே எழுதுங்கள், கூச்சப்படாதீர்கள்; கூச வேண்டியது நீங்கள் அல்ல. உங்கள் சாதி, அவன் சாதி, இடம், நேரம், பார்த்தவர்கள் பெயர் எல்லாம் இருக்கட்டும். ஆஸ்பத்திரியில் "கீழே விழுந்துட்டேன்" என்று யார் சொல்லிக்கொடுத்தாலும் சொல்லாதீர்கள், ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டில் (ஏ.ஆர். காப்பி) ஏறுவதுதான் பிறகு சாட்சி. எங்கள் எல்லை இல்லை என்று விரட்டினால், எந்த ஸ்டேஷனிலும் பதியலாம் என்று இப்போது சட்டமே சொல்கிறது. வாங்க மறுத்தால் எஸ்.பி.க்கு விரைவுத் தபால். அதற்கும் பதில் இல்லையென்றால் நீதிமன்றம். வன்கொடுமைச் சிறப்பு நீதிமன்றமே நேரடியாக வழக்கை எடுத்துக்கொள்ளலாம். 14566 என்று ஒரு தேசிய உதவி எண்ணும் இருக்கிறது.

கடமையில் தவறிய அரசு ஊழியருக்கு ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை சிறை என்கிறது 4ஆம் பிரிவு. அதற்கொரு நிபந்தனையும் வைத்திருக்கிறார்கள்: முதலில் நிர்வாக விசாரணை நடந்து, அது பரிந்துரைத்தால்தான் அவர்மீது வழக்கு. அடிபட்டவன் புகாருக்கு முன்விசாரணை கூடாது என்று எழுதிவைத்துவிட்டு அவனை விசாரிக்கிறார்கள். புகாரைக் குப்பையில் போட்டவருக்கு முன்விசாரணை வேண்டும் என்று எழுதிவைத்துவிட்டு, அதையும் நடத்துவதில்லை. ஆகவே புகாரைத் திருப்பிக் கொடுப்பவர் சட்டையில் குத்தியிருக்கும் பெயரைப் பார்த்துக்கொள்ளுங்கள். நேரத்தோடு, பதவியோடு, அடுத்த மனுவின் முதல் பத்தியில் அது இருக்கட்டும்.