எமிலி போட்ட ஆட்டம்

மன்னாரில் கோதுமை விளையாது. பாணுக்கான மா கப்பலில் வந்து இறங்கும். ஆகவே கோதுமைத் துருநோய்க்கு மருந்தடிக்கும் கவலை மன்னாரானுக்கு இல்லை. ரோமாபுரிக்காரருக்கு இருந்தது. அவர்கள் வருடாவருடம் ஏப்ரல் 25ஆம் திகதி துருத் தெய்வத்துக்கு ஒரு நாயைப் பலி கொடுத்தார்கள். துருவுக்கு ஒன்றும் ஆகவில்லை, நாய்க்குத்தான் ஆனது!

ஆனால் அந்தத் துருவின் ஒன்றுவிட்ட தங்கச்சி ஒருத்தி மன்னார்க் கரையோடு பெரிய கணக்கு வைத்திருந்தாள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழ்நாட்டிலிருந்து தோணியேறிய சனம் தலைமன்னாரிலும் அரிப்பிலும் இறங்கி, வன்னிக் காடு தாண்டி, மாத்தளை வரை கால்நடையாகப் போனது. எல்லாம் துரைமாரின் கோப்பித் தோட்டங்களுக்காக. வாந்திபேதியில் வழியிலேயே செத்தவர்கள் எத்தனை பேர் என்று யாரும் சரியாக எண்ணவில்லை. கோப்பி மூட்டைகளை மட்டும் அந்தர் அந்தராக எண்ணி வைத்தார்கள்.

1869இல் மலைநாட்டு மடுல்சீமையில் கோப்பி இலைகளின் அடியில் செம்மஞ்சள் தூள். அதுதான் அந்தத் தங்கச்சி, கோப்பித் துரு. பேராதனைப் பூங்காவின் த்வைட்ஸ் அதை இங்கிலாந்துக்கு அனுப்ப, பெர்க்லி என்ற பாதிரியார் (பிரசங்கம் போக மிச்ச நேரமெல்லாம் பங்கசு ஆராய்ச்சி) 'ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ்' என்று பெயர் வைத்தார். துரைமாரின் வாயில் அது நுழையவில்லை. 'நாசகார எமிலி' என்று செல்லப்பெயர் சூட்டினார்கள். கேட்டால் ஏதோ கிளப் டான்ஸுக்கு வந்த சீமாட்டி என்றுதான் நினைப்பீர்கள்.

எமிலி இலையைத் தின்னத் தின்ன, சந்தையில் கோப்பி விலை ஏறியது. துரைமார் என்ன செய்தார்கள் தெரியுமா? இன்னும் காட்டை வெட்டி இன்னும் கோப்பி நட்டார்கள்! ஷேர் மார்க்கெட் மூளை அப்போதே இருந்திருக்கிறது.

விளைச்சல் படுத்த பிறகுதான் பதற்றம். டானியல் மொரிஸ் என்ற நிபுணர் கந்தகமும் சுண்ணாம்பும் கலந்து தூவச் சொன்னார். 1880இல் மார்ஷல் வார்ட் என்ற விஞ்ஞானி வந்திறங்கினார். வயது இருபத்தாறுகூட நிரம்பவில்லை. கண்ணாடித் தகடுகளைத் தோட்டத்தில் வைத்துக் காற்றில் வரும் வித்திகளைப் பிடித்தார். ஈர இலையில் முளைத்து இலைவாய் வழியாக உள்ளே நுழைகிறாள் எமிலி என்று கண்டுபிடித்தார். அதன் பிறகு மேலே தூள் தூவுவது, கள்ளன் வீட்டுக்குள் போன பின் கேட்டைப் பூட்டுகிற வேலை. அதோடு விட்டாரா? மலை மலையாக ஒரே பயிரை நட்டால் காற்று வித்தியைச் சுமந்துபோகத்தானே செய்யும் என்றும் சொல்லிவிட்டார். மருந்து கேட்ட துரைமாருக்குக் கிடைத்தது லெக்சர்.

1882இல் வார்ட் கப்பலேறினார். அதே வருடம் பிரான்சின் போர்தோ பக்கம் மில்லார்தே என்ற பேராசிரியர் ஒரு திராட்சைத் தோட்டத்தைக் கடந்து போகிறார். மற்றக் கொடிகளெல்லாம் பூஞ்சண நோயில் மொட்டை, பாதையோரக் கொடிகள் மட்டும் பச்சைப்பசேல்! விசாரித்தால், வழிப்போக்கர் பழம் பறிக்காமலிருக்க மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து, விஷம்போலத் தெரியும்படி தெளித்தார்களாம். அதுதான் 1885இல் 'போர்தோ கலவை' என்ற பெயரில் வெளிவந்த மருந்து. கோப்பித் துருவுக்கு இன்றும் செப்பு மருந்துதான் அடிக்கிறார்கள். அறிவியல் அந்தத் திராட்சைக் கள்ளனுக்கு ஒரு சிலை கடன்பட்டிருக்கிறது.

வயிற்றெரிச்சல் என்னவென்றால், செப்புக் கரைசல் கோதுமையின் கரிநோயைத் தடுக்கும் என்று பெனடிக்ட் பிரிவோ 1807இலேயே எழுதி வைத்திருந்தார். கோதுமைக்காரனும் கோப்பிக்காரனும் பேசிக்கொள்வதில்லைபோலும்.

1884இல் தோட்டங்களுக்குக் கடன் கொடுத்த ஓரியண்டல் வங்கியே கவிழ்ந்தது. துரைமார் தேயிலைக்குத் தாவினார்கள். செத்த கோப்பி மரங்களைச் சீவி இங்கிலாந்துக்கு அனுப்ப, அங்கே அவை தேநீர் மேசைக்குக் கால்களாயின என்றொரு கதை உண்டு. பொய்யாக இருந்தாலும் நல்ல பொய்.

நடந்து வந்த சனத்துக்கு மாறியது பயிர் மட்டும்தான். ஆள் திரட்டிய அதே கங்காணி, அதே கடன். 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடி, இரு கரையிலும் ரயில் காத்து நின்றபோது, அதில் ஏறிய தொழிலாளர் போனது தேயிலைக் கொழுந்து பறிக்க.