தூண்டிலும் சீட்டும்

அமெரிக்காவில் ஏரியில் தூண்டில் போடவே பொதுவாக உரிமம் வேண்டும். உரிமம், தூண்டில், படகு என்று காசைக் கரைத்து ஒரு பாஸ் மீனைப் பிடிப்பார்கள். அதோடு படம் எடுத்துக்கொண்டு மறுபடி தண்ணீரிலேயே விட்டுவிடுவார்கள். மீனுக்கு வாயில் ஓட்டை, மனிதருக்குப் பையில்.

மாலையில் அவர்களுக்கே ஆன்லைன் போக்கர் சீட்டாட்டம். பந்தயம் ஒரு சென்ட், இரண்டு சென்ட். மட்டமான சீட்டு வந்தால் முகத்தை இறுக்கிக்கொள்வார்கள், திரைக்கு அப்பால் யாரோ பார்ப்பதுபோல! 2003இல் டென்னசி கணக்கர் கிறிஸ் மணிமேக்கர் (சத்தியமாக அதுதான் பெயர்) நூறு டாலருக்கும் குறைவான கட்டணத்தில் இணையத் தகுதி ஆட்டத்தில் நுழைந்து, அதன்வழியே போன போக்கர் உலகத் தொடரில் 25 லட்சம் டாலர் வென்றார். சென்ட் ஆட்டக்காரர்கள் இன்னும் அந்தக் கதையைத்தான் சொல்கிறார்கள்.

யார் ஜெயித்தாலும் தளத்துக்காரருக்குக் கமிஷன் உண்டு. என்னைக் கேட்டால் ஏரியே மேல். அது கமிஷன் பிடிப்பதில்லை.