ஆணி அடித்த மனைவி

கேள்வி: பொந்தியானாக் படங்கள் கல்யாணத்தைப் பற்றியவை என்கிறேன் நான். வெறும் பேய்ப்படம் என்கிறார் என் கணவர். யார் சொல்வது சரி?
- ஒரு வாசகி, மேரு, கிள்ளான்

பதில்: நீங்கள்தான். 1957-இல் பி.என். ராவ் இயக்கி, மரியா மெனாடோ நடித்த 'பொந்தியானாக்' படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மந்திரத்தால் அழகியானவள் இரத்தத்தை ருசிக்கவே கூடாது. பாம்பு கடித்த கணவனோ விஷத்தை உறிஞ்சச் சொல்கிறான். உறிஞ்சுகிறாள், பேயாகிறாள். கட்டியவனுக்காகச் செய்த காரியம்!

மலாய் நாட்டுப்புறக் கதை இன்னும் கொடுமை. பிரசவத்தில் இறந்து பொந்தியானாக் என்ற பேயானவளின் பிடரியில் ஆணி அடித்தால், அழகான, அடக்கமான மனைவியாகிவிடுவாளாம். செத்த பிறகும் சமையற்கட்டு! படங்களில் அந்த ஆணியைப் பிடுங்கும் காட்சி வந்தால் நான் கைதட்டுவேன். உங்கள் கணவரிடம் கேளுங்கள்: சுத்தியலோடு பெண் பார்க்க வருகிறவனைவிடவா பேய் பயங்கரம்?