நட்சத்திரக் குறியாருக்கு ஒரு பாராட்டு மடல்

பெறுநர்:
உயர்திரு மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் மகிழ்ச்சிப் பிரிவு,
கரும்புள்ளி க்ரீம் கம்பெனி.
(பெயரை எழுதவில்லை. விளம்பரத்துக்குத் தாங்கள் செலவழித்ததே போதும்.)

ஐயா, அம்மா,

நலம். தங்கள் நலத்தைத் தனியாக விசாரிக்க வேண்டியதில்லை. பதினைந்து கிராம் ட்யூப் 599 ரூபாய்க்குப் போகிற வீட்டில் நலத்துக்கு என்ன குறைச்சல்?

போன ஞாயிற்றுக்கிழமை மதுரையில் என் தங்கை மகனுக்குக் கல்யாணம். தாலி கட்டி, அம்மி மிதித்து, காலை பத்தரை மணி வெயிலில் மாப்பிள்ளையையும் பெண்ணையும் மண்டப வாசலுக்குக் கூட்டிப் போய் அருந்ததி காட்டினார்கள். "தெரியுதா?" என்றார் ஐயர். வீடியோக்காரர் வானத்தை மறைத்துக்கொண்டு நின்றார். அவருக்குப் பின்னால் ஜெனரேட்டர் புகை. "தெரியுது" என்றார்கள் இருவரும். கல்யாணத்தில் அப்படித்தான் சொல்ல வேண்டும்.

அடுத்து மேடையில் ஃபோட்டோ. என் முறை வந்தது. காலைத் தொட்டு நிமிர்ந்த பெண் என் இடது கன்னத்தைப் பார்த்தாள். "பெரியம்மா, சாம்பார் தெறிச்சிருக்கு, இருங்க" என்று ஜரிகைக் கைக்குட்டையால் ஒத்தி எடுத்தாள். போகவில்லை. தண்ணீர் பாட்டிலைத் திறந்து கைக்குட்டை நுனியை நனைத்து, பால்வாடிப் பிள்ளைக்குத் துடைப்பது மாதிரி என் தாடையைப் பிடித்துக்கொண்டு அழுத்தித் தேய்த்தாள். நல்ல பிள்ளை. புகுந்த வீட்டுக்கு அவள் செய்கிற முதல் உபகாரம். கடைசி வரிசைக்காரர்களும் பார்க்கட்டும் என்று மேடையோரம் எல்.ஈ.டி. திரை கட்டியிருந்தார்கள். அதில் என் கன்னம் பத்தடி உயரத்துக்கு நின்றது. மாப்பிள்ளை அவள் காதில் ஏதோ சொன்னான். கைக்குட்டை நின்றது. நாதஸ்வரக்காரர் மூச்சு வாங்க நிறுத்திய அந்த நேரம் பார்த்து, "ஐயோ, இது மங்கா! சாரி பெரியம்மா" என்றாள்.

தங்கள் க்ரீமை நான் பூச ஆரம்பித்து அன்று பன்னிரண்டாவது வாரம்.

எனவே இது பாராட்டுக் கடிதம். முக்கியமாக, தங்கள் நட்சத்திரத்துக்கு. அட்டைப்பெட்டியின் முகப்பில் 'நான்கே வாரத்தில் கண்கூடான மாற்றம்' என்று போட்டு, அதன் தலையில் சின்னதாக ஒரு நட்சத்திரம் வைத்திருக்கிறீர்கள் அல்லவா, அதற்கு. என் நட்சத்திரம் உத்திரட்டாதி, மூன்றாம் பாதம். அர்ச்சனைத் தட்டை நீட்டும்போது சொன்னால் அர்ச்சகருக்குப் போதும். தங்கள் நட்சத்திரம் எந்தப் பாதம் என்று தெரியாமல் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கடைசியில் அடிப்பாதத்தில், பசை ஒட்டிய மடிப்புக்குள் அகப்பட்டது. நான் பூகோள டீச்சர். வரைபடம் பார்க்க வைத்திருக்கும் பூதக்கண்ணாடியில் படித்தேன்: 'தன்னார்வலர்களின் சுயமதிப்பீட்டின்படி. பலன் ஆளுக்கு ஆள் மாறுபடும். சன்ஸ்கிரீனுடன் பயன்படுத்தும்போது.'

சுயமதிப்பீடு அருமையான முறை. என் ஒன்பதாம் வகுப்புக்கும் அதையே வைக்கலாமென்று இருக்கிறேன். அவரவர் பேப்பரை அவரவரே திருத்தினால் என் பள்ளிக்கூடமும் நூற்றுக்கு நூறு காட்டும், தலையில் ஒரு நட்சத்திரத்தோடு.

பெட்டியின் பக்கவாட்டில் இன்னொரு வாசகம்: 'கரும்புள்ளிகளின் தோற்றத்தைக் குறைக்க உதவக்கூடும்.' இதை எங்கள் தமிழய்யாவிடம் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு இரண்டு முறை படித்தார். "டீச்சர், புள்ளியைக் குறைக்கும்னு சொல்லல, புள்ளியோட தோற்றத்தை. அதையும் குறைக்கும்னு சொல்லல, குறைக்க உதவும். அதுவும் உதவும்னு இல்ல, உதவக்கூடும். நாலு பக்கமும் நல்லா வேலி போட்டிருக்கான். உள்ள ஒண்ணுமே விதைக்கல" என்றார். வக்கீல் வைத்து எழுதியிருப்பீர்கள், தெரியும். 1940ஆம் வருஷத்து மருந்து, அழகுப்பொருள் சட்டத்தின்படி அழகுப்பொருளின் வேலை அழகூட்டுவது, தோற்றத்தை மாற்றுவது. 'தோற்றம்' என்ற சொல் இருக்கிறவரை தாங்கள் மருந்துக் கம்பெனி ஆக மாட்டீர்கள். மருந்துக்குக் கேட்கிற கேள்விகளையும் யாரும் தங்களிடம் கேட்க மாட்டார்கள்.

பெட்டிப் படத்தில் இருக்கிற பெண்ணையும் விசாரித்ததாகச் சொல்லுங்கள். அவளுக்கு இருபத்துநாலு வயதிருந்தால் அதிகம். வயதுப் புள்ளி எப்படிப் போகும் என்பதை வயதே வராத பெண்ணை வைத்துக் காட்டியிருப்பது தனித் திறமை.

இனி, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தேன். ஒரு சதவீதத்துக்கு மேல் உள்ள சேர்மானங்களை அளவில் பெரியதிலிருந்து சிறியது வரை வரிசைப்படி எழுத வேண்டும் என்பது விதி. அதற்குக் கீழே உள்ளவை எந்த வரிசையிலும் வரலாம். கல்யாணப் பந்தி மாதிரிதான். முதல் பந்தியில் தண்ணீர், கிளிசரின், மெழுகு வகையறா சொந்தக்காரர்கள். நியாசினமைடு நடுப்பந்தியில் எங்கோ இருக்கிறது. அது உண்மையிலேயே கொஞ்சம் வேலை செய்யும், நிறமி மேல்தோலுக்கு ஏறுவதைக் குறைக்கும் என்று நான் காட்டிய தோல் டாக்டரும் சொன்னார். ஆனால் பெட்டியில் ஆலமர வேர் கனத்துக்குப் படம் போட்டிருக்கிறீர்களே அதிமதுரம், அது வாசனைத் திரவியத்துக்கும் பின்னால், இலை எடுக்கிற நேரத்துக்கு வந்து நிற்கிறது. பாயசம் கிடைத்திருக்காது. கிராம் நாற்பது ரூபாய், கணக்குப் போட்டால் கிலோ நாற்பதாயிரம். முகூர்த்த நாளில் மதுரை மல்லியின் விலையைக் கேட்டுத் தலையில் கை வைக்கிற ஊர் இது. மல்லியாவது மணக்கும்.

என் புள்ளியின் வரலாற்றையும் தாங்கள் அறிய வேண்டும். இருபத்தேழு வருஷமாக மதுரையிலிருந்து திருமங்கலம் பக்கத்துப் பள்ளிக்கு பஸ். இடப்பக்கம் லேடீஸ் சீட், ஜன்னலோரம். காலையில் பஸ் தெற்கே போகும், கிழக்கு வெயில் இடது கன்னத்தில் விழும். சாயங்காலம் வடக்கே திரும்பும், மேற்கு வெயிலும் அதே இடது கன்னத்தில்தான். திசைகளைப் பிள்ளைகளுக்கு வருஷா வருஷம் கரும்பலகையில் வரைந்து காட்டிய எனக்கு, ஒரு நாளாவது வலப்பக்கம் போய் உட்காரத் தோன்றவில்லை. இப்போது இடது கன்னத்தில் இலங்கை, நெற்றியோரம் அந்தமான், வலது கன்னத்தில் வெறும் கடல். அரசு ஆஸ்பத்திரித் தோல் பிரிவில் அந்தச் சின்ன வயசு டாக்டரம்மா என்னை ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தார். இரண்டு நிமிஷம் ஆகியிருக்காது.

"எந்தப் பக்கம் உட்கார்ந்து போவீங்க டீச்சர்?" என்றார். ஜாதகம் பார்க்கிறவர்கூட அப்படிச் சொன்னதில்லை.

இது மங்கு இல்லையாம். மங்கு பெரும்பாலும் இரண்டு கன்னத்திலும் வரும், பிள்ளைப்பேறு, ஹார்மோன் என்று அதற்கு வேறு கதை. இது வெயில் போட்ட வயதுப் புள்ளி. கண்ணோரம் மேடாக இருக்கும் இரண்டும் வேறு ஜாதி. அவை எந்தக் க்ரீமுக்கும் கரையாது. திடீரென்று பெரிதாகிற, நிறம் மாறுகிற, ரத்தம் கசிகிற புள்ளி என்றால் க்ரீமைத் தேடாமல் நேரே ஓடி வர வேண்டும். லேசர் இருக்கிறது, ஆனால் நம் நிறத்துக்குப் பார்த்துச் செய்யாவிட்டால் அந்த இடமே கறுத்துப்போகும். "இளசுங்களுக்கே தோல் புதுசாக ஏறக்குறைய 28 நாள் ஆகும், வயசானா இன்னும் இழுக்கும். இருபத்தேழு வருஷ வெயில் நாலு வாரத்துல எப்படிப் போகும்? குடை பிடிங்க. சன்ஸ்கிரீனை ரெண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கிப் போடுங்க. அதைப் போடாம எந்தக் க்ரீம் போட்டாலும் ஓட்டைக் குடத்துல தண்ணி எடுக்கிறதுதான்."

இந்த ஒரு வரியைத்தான் தாங்கள் அடிப்பாதத்தில், பசைக்குள், நட்சத்திரத்துக்குக் கீழே மறைத்து வைத்திருக்கிறீர்கள்.

கல்யாணத்துக்கு மறுநாள் தங்கள் இலவச எண்ணுக்குக் கூப்பிட்டேன். ஒன்று, இரண்டு, ஒன்பது எல்லாம் அமுக்கி, மூன்று முறை புல்லாங்குழல் கேட்டபின் ஒரு தம்பி வந்தார்.

"எத்தனை வாரம் யூஸ் பண்ணீங்க மேடம்?"

"பன்னெண்டு."

"ரெகுலரா பண்ணீங்களா மேடம்?"

"ரெண்டு வேளையும், பல்லு விளக்குற மாதிரி."

"கூட எங்க சன்ஸ்கிரீன் போட்டீங்களா மேடம்?"

"இல்லியே தம்பி."

"அதான் மேடம்! காம்போ ஆஃபர் இருக்கு."

அந்தத் தம்பிமேல் எனக்குக் கோபமில்லை. என்னிடம் படித்த பையனாகக்கூட இருக்கலாம். குரலில் அந்தப் பணிவு இருந்தது.

சரி, ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பள்ளிச் சத்துணவுக் கூடத்தில் சமைக்கிற பெண்ணுக்கு முப்பத்தாறு வயது. அவள் கன்னத்தில் இருந்தது மங்குதான். தங்கள் 599 அவளால் ஆகாது. பஸ் ஸ்டாண்டு மெடிக்கலில் கேட்டிருக்கிறாள். நூறு ரூபாய்க்கும் கீழே ஒரு ட்யூப் கொடுத்தான். சீட்டு கேட்கவில்லை, எத்தனை நாள் போட வேண்டும் என்று சொல்லவுமில்லை. ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின், ஸ்டீராய்டு மூன்றும் கலந்த களிம்பு. 1975இல் க்ளிக்மன், வில்லிஸ் என்ற இரண்டு அமெரிக்க டாக்டர்கள் எழுதிய சேர்மானத்தின் பேரப்பிள்ளை. டாக்டர் பார்வையில் கொஞ்ச நாள் போட வேண்டிய மருந்து. பத்து நாளில் முகம் பளிச்சென்று ஆனது. அதனால் ஒன்றரை வருஷம் போட்டாள். இப்போது தோல் வெங்காயச் சருகு மாதிரி, ரத்தக்குழாய் தெரிகிறது, கன்னத்தில் பூனைமுடி. நிறுத்தினால் முன்னைவிடக் கறுப்பாக வருகிறது, போட்டால் எரிகிறது. அடுப்புப் பக்கம் நிற்க முடியவில்லை. அவள் வேலையே அடுப்பு. இப்படி வருகிறவர்கள் ஒருவர் இருவர் இல்லை என்பதால் 'ஸ்டீராய்டு கெடுத்த முகம்' என்று டாக்டர்கள் இதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள். 2018இல் பதினான்கு ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளை ஷெட்யூல் ஹெச்சுக்குள் கொண்டுவந்து, சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்றது அரசு. டீ வாங்குகிற நேரத்தைவிடச் சீக்கிரம் அந்த மெடிக்கலில் அது கிடைக்கிறது. ஸ்டீராய்டு மட்டுமில்லை. மலப்புரம் பக்கம் சிறுநீரகம் கெட்டு வந்த 22 பேரை விசாரித்ததில் 13 பேர் பாதரசம் கலந்த சிவப்பழகு க்ரீம்களைப் பூசியவர்கள் என்று கேரளத்து டாக்டர்கள் எழுதினார்கள். முகத்தில் பூசியது கிட்னிக்குப் போயிருக்கிறது.

அந்த ட்யூப் தாங்கள் செய்தது இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் முகத்தில் இருப்பது அழுக்கு, அதை அழித்தாக வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது யார்? காசுள்ளவளுக்கு வேலை செய்யாத க்ரீம், காசில்லாதவளுக்கு வேலை செய்து கெடுக்கிற களிம்பு. தங்களுடைய விளம்பரம் எங்கள் வீட்டு டிவியில் வருவது மாதிரிதான் அவள் வீட்டு டிவியிலும் வருகிறது. அங்கே நட்சத்திரத்துக்கு விளக்கம் படிக்க அவளிடம் பூதக்கண்ணாடி இல்லை.

மன்னிக்கவும். பாராட்டுக் கடிதம் என்பதை மறந்துவிட்டேன்.

தங்கள் தொழிலில் மனம் மாறுகிறவர்களும் இல்லாமல் இல்லை. 1975இல் கடைக்கு வந்த ஃபேர் அண்ட் லவ்லி 2020இல் க்ளோ அண்ட் லவ்லி ஆனது. தாங்களும் 'கறை' என்பதை எடுத்துவிட்டு 'ஒளிரும் சமநிறம்' என்று மாற்றியிருப்பதைக் கவனித்தேன். பெயர் மாற்றினால் ராசி மாறும் என்று எங்கள் தெருவில் நியூமராலஜி பார்க்கிறவரும் சொல்வார். நட்சத்திரத்தை மட்டும் யாராலும் மாற்ற முடியாது, அது பிறவியிலேயே வருவது.

எனக்கு நஷ்டஈடு வேண்டாம். 1797 ரூபாய் போனது போகட்டும், படிப்புச் செலவு. மணப்பெண் நேற்று ஃபோன் செய்து மறுபடியும் மன்னிப்புக் கேட்டாள். "விடும்மா, அருந்ததி தெரிஞ்சுதுன்னு சொன்னியே, அதே மாதிரி இதைத் தெரியலைன்னு சொல்லிட்டா முடிஞ்சுது" என்றேன். கொஞ்ச நேரம் சிரித்துவிட்டு, "அங்க ஒண்ணுமே தெரியல பெரியம்மா" என்றாள். கெட்டிக்காரி. தங்கள் சுயமதிப்பீட்டுக்கு மட்டும் இவளைக் கூப்பிட்டுவிடாதீர்கள்.

கடைசியாக ஒரு நல்ல செய்தி. மூன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று தந்தீர்களே, அந்த நான்காவது ட்யூப் குளியலறை மாடத்தில் சும்மா கிடந்தது. வீணாக்க மனமில்லாமல் ராத்திரி படுக்கப்போகும்போது குதிகால் பித்தவெடிப்பில் பூசினேன். உள்ளே இருக்கிற கிளிசரினுக்கு அந்த இடம் பிடித்துப்போயிற்று போலிருக்கிறது. எட்டு நாளில் வெடிப்பு மூடி, சேலைக் கரையில் மாட்டாமல் நடக்கிறேன். நான்கு வாரம்கூட ஆகவில்லை. இதைத் தாராளமாகப் பெட்டியில் போட்டுக்கொள்ளுங்கள், கையெழுத்தும் போட்டுத் தருகிறேன். தங்கள் நட்சத்திரம் எந்தப் பாதம் என்று இத்தனை நாள் குழம்பிக்கொண்டிருந்தேன், இடது பாதம்.

இப்படிக்கு,
பூகோள டீச்சர்,
மதுரை.

இணைப்பு: காலி ட்யூப் மூன்று. நாலாவதைத் தர மாட்டேன்.