கறுப்புத் திரை

கே: லினக்ஸில் கேடிஇ பிளாஸ்மா 5-லிருந்து 6-க்கு மாறினேன். பாஸ்வேர்டு கொடுத்ததும் கறுப்புத் திரையும் மவுஸ் அம்பும்தான் மிச்சம். எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போட்டுவிடவா?
– வாசகர், பாம்பூஃப்ளாட், அந்தமான்

ப: மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவார்களா? அம்பு அசைகிறதே, உயிர் இருக்கிறது!

2024 பிப்ரவரியில் வந்த பிளாஸ்மா 6, திரையை வரைந்து காட்டும் பழைய எக்ஸ்11-ஐ ஓரங்கட்டி வேலாண்டை முன்னால் உட்கார வைத்தது. பழைய என்விடியா கார்டு என்றால் முதல் சந்தேகம் வேலாண்டின் மேல்தான். லாகின் திரையின் ஓரத்துப் பட்டியலில் எக்ஸ்11-ஐத் தேர்ந்தெடுத்து நுழையுங்கள். (பட்டியலில் அது இல்லையென்றால் தனியாக நிறுவ வேண்டியிருக்கும்.)

அதற்கும் மசியவில்லையா? கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். வெறும் எழுத்துத் திரை வரும், அதில் லாகின் செய்யுங்கள். ஹோம் ஃபோல்டரில் மறைந்திருக்கும் கான்ஃபிக் ஃபோல்டருக்குள் ‘பிளாஸ்மா’ என்று தொடங்கும் ஃபைல்களை வேறிடத்துக்கு நகர்த்துங்கள். நகர்த்தத்தான் சொன்னேன், அழிக்க அல்ல! பேனலும் வால்பேப்பரும் ஆரம்ப நிலைக்குத் திரும்பி மொட்டையாகும். உங்கள் ஃபைல்கள் பத்திரம். பிளாஸ்மா 5-க்கு எழுதிய விட்ஜெட்டுகளை மட்டும் திரும்பக் கூப்பிடாதீர்கள், 6-இல் அவை ஓடாது.

2020-இல் சென்னையிலிருந்து அந்தமானுக்குக் கடலடிக் கேபிள் வந்துவிட்ட தைரியத்தில்தானே புதிதாக இறக்கத் துடிக்கிறீர்கள்? சரி, போட்டோக்களைப் பென் டிரைவில் ஏற்றி, சாத்தம் படகில் அக்கரைச் சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்பிவிட்டு ஆரம்பியுங்கள்.